விலா விரியா அறுவை: நுரையீரல் புற்றுநோய் அறுவை முறைகளுக்கான சொற்கள்

அன்புடையீர், வணக்கம்.

உடலைப் பெரிதாகத் திறக்காமல் சிறு கீறல்கள்வழியே செய்யும் 'மினிமலி இன்வேசிவ் சர்ஜரி' என்பதற்கு, நுரையீரல் புற்றுநோய் அறுவையை மனத்தில் கொண்டு, இதுவரை நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: குறைந்தபட்ச ஊடுருவல் அறுவை, சிறு அறுவை, நுண்துளை அறுவை, காணொளிவழி மார்பக அறுவை. நோயாளிகளுக்கான விளக்கத்தாள்களையும் ஒப்புதல் படிவங்களையும் தமிழில் எழுதி வருபவன் என்ற முறையில் இந்த நான்கையும் என்னால் ஏற்க இயலவில்லை. அதற்கான காரணங்களைக் கூறி, 'விலா விரியா அறுவை' என்ற சொல்லை உங்கள் ஆய்வுக்கு வைக்கிறேன்.

முதலாவதான 'குறைந்தபட்ச ஊடுருவல்' இணையத்தில் பரவலாகக் காணப்படுகிறது. ஆனால் புற்றுநோயைப் பற்றிப் பேசும் தாளில் 'ஊடுருவுதல்' என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. கட்டி தான் தோன்றிய திசுவைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் நுழைவதையே 'ஊடுருவும் புற்றுநோய்' என்கிறோம். ஒரே பக்கத்தில் நோயும் ஊடுருவுகிறது, சிகிச்சையும் ஊடுருவுகிறது என்று எழுதினால், 'குறைந்தபட்ச ஊடுருவல்' என்பதைத் தன் நோயின் நிலை என்று நோயாளி எடுத்துக்கொள்ள இடமுண்டு. வேறு எந்தத் துறையில் இந்தச் சொல் பொருந்தினாலும் புற்றுநோய் மருத்துவத்தில் இதைத் தவிர்க்க வேண்டும்.

'சிறு அறுவை' இதைவிடக் கேடு தருவது. வெளியே போடும் கீறல் சிறிதாக இருப்பதும், உள்ளே எடுக்கப்படும் நுரையீரலின் அளவு குறைவாக இருப்பதும் இருவேறு செய்திகள். வலது நுரையீரலில் மூன்று மடல்களும் இடதில் இரண்டும் உள்ளன. அவற்றில் ஒரு முழு மடலையே சிறு கீறல்வழி எடுக்கலாம், பெரிய கீறல்வழியும் எடுக்கலாம். எவ்வளவு எடுப்பது என்ற கேள்விக்கான ஆய்வுகள் தனி வரிசையில் வந்துகொண்டிருக்கின்றன. இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத புறப்பகுதிக் கட்டிகள் உடைய 1,106 நோயாளிகளைக் கொண்டு ஜப்பானில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், மடலின் ஒரு கூற்றை மட்டும் எடுத்தவர்கள் முழு மடலை எடுத்தவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஐந்தாண்டு உயிர்பிழைத்தனர். இது அறுவையின் அளவைப் பற்றிய முடிவு. அறுவையின் வழியைப் பற்றியது அன்று. 'சிறு அறுவை' என்ற பெயர் இவ்விரண்டையும் கலந்துவிடும்.

'நுண்துளை' தமிழில் நன்றாக வேரூன்றிய சொல். பித்தப்பைக்கும் குடல்வாலுக்கும் அது தொடரட்டும். நுரையீரலுக்கு அது ஏன் பொருந்தாது என்பதற்கு அறுவையின் கடைசிக் கட்டத்தை நினைத்துப் பார்த்தால் போதும். மடலுக்குச் செல்லும் தமனிக் கிளைகள், அதிலிருந்து வரும் சிரை, மூச்சுக்கிளைக்குழல் ஆகிய எல்லாவற்றையும் தனித்தனியே பிரித்து ஸ்டேப்ளரால் மூடி வெட்டிய பிறகு, விடுபட்ட மடலை நெஞ்சுக்குள்ளேயே ஒரு பைக்குள் இடுகிறார்கள். பையின் வாயை இறுக்கி, விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள கீறல்வழியாக மெல்ல இழுத்து எடுக்கிறார்கள். புற்றணுக்கள் காயத்தின் விளிம்பில் பட்டு அங்கே வளர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பை. கட்டியோடு கூடிய மடல் வெளிவர வேண்டிய வழி ஒருபோதும் நுண்துளையாக இருக்க முடியாது. மூன்று, நான்கு சென்டிமீட்டராவது அதற்கு வேண்டும். கட்டி பெரிதானால் இன்னும் கூடும். 'துளை' என்று படிவத்தில் படித்துவிட்டு, கட்டுப் பிரித்த அன்று தையல் போட்ட கீறலைக் காணும் நோயாளி, சொன்னபடி செய்யவில்லை என்று எண்ணினால் அது அவர் குற்றமன்று.

நான்காவது பரிந்துரையில் உள்ள 'மார்பக' என்ற சொல்லை நீக்கியே ஆக வேண்டும். மார்பகம் என்பது இன்று மக்கள் வழக்கில் பெண்ணின் முலைப்பகுதியை மட்டுமே குறிக்கிறது. 'மார்பக அறுவை' என்றால் யாரும் நுரையீரலை நினைக்கமாட்டார்கள். நல்ல மாற்று நம் கையிலேயே இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு மருத்துவமனையை 'நெஞ்சக நோய் மருத்துவமனை' என்றுதான் வழங்குகிறோம். எனவே நெஞ்சறைக்குள் செலுத்திப் பார்க்கும் கருவியை 'நெஞ்சக நோக்கி' என்று அழைக்கலாம். சுவீடன் மருத்துவர் யாக்கோபேயஸ் 1910-இல் காசநோயாளிகளின் நெஞ்சறைக்குள் ஒளிவிளக்குள்ள குழாயைச் செலுத்திக் கண்ணை வைத்துப் பார்த்தபோது அதில் காணொளி இல்லை. 1990-களின் தொடக்கத்தில் குழாயோடு கேமரா இணைக்கப்பட்டு, அறுவை அரங்கில் உள்ள அனைவரும் திரையில் பார்க்கும் நிலை வந்த பிறகுதான் அதே வழியில் புற்றுநோய் மடலை எடுக்கவும் துணிந்தார்கள். அன்றைய புதுமையைச் சுட்டவே 'வீடியோ அசிஸ்டட் தொராசிக் சர்ஜரி' என்று ஆங்கிலப் பெயரில் 'வீடியோ' ஏறியது. இன்று ரோபோ முறையிலும் கேமரா இருக்கிறது. ஆகவே காணொளி என்ற அடையாளம் எதையும் எதிலிருந்தும் பிரித்துக் காட்டுவதில்லை.

அப்படியானால் எது பிரித்துக் காட்டுகிறது? பழைய முறையில் நெஞ்சின் பக்கவாட்டில் நீளமாகக் கீறி, தசைகளை வெட்டி, இரண்டு விலா எலும்புகளுக்கு இடையே எஃகு விரிப்பானைப் பொருத்திப் பற்சக்கரத்தைத் திருகித் திருகி அகலப்படுத்துவார்கள். ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பிலும் உள்ள பள்ளத்தில் ஒரு நரம்பு ஓடுகிறது. விரிப்பான் அழுத்துவது அந்த நரம்பை. அறுவை முடிந்து பல மாதங்கள் கழித்தும் சிலருக்கு நீடிக்கும் வலிக்குப் பெரிதும் காரணமாவது அதுவே. கீறலின் நீளத்தைவிட இந்த விரிப்புதான் நோயாளி சுமக்கும் துன்பத்தைத் தீர்மானிக்கிறது. 2007-இல் வெளியான சிஏஎல்ஜிபி 39802 என்ற அமெரிக்கப் பல்மைய ஆய்வு, நெஞ்சக நோக்கிவழி மடல் நீக்கம் எது என்று வரையறுத்தபோது, கீறல் எட்டு சென்டிமீட்டர் வரை இருக்கலாம் என்று இடங்கொடுத்தது. ஆனால் விலாக்களை விரிக்கவே கூடாது என்றது. துறையே இட்ட எல்லைக்கோடு இதுவாக இருக்கும்போது, நம் சொல்லும் அந்தக் கோட்டின் மேல் நிற்பதே முறை. 'விலா விரியா அறுவை' என்பது அந்த வரையறையைத் தமிழில் சொல்வதன்றி வேறில்லை. அதற்கு எதிர்ச்சொல் 'விலா விரி அறுவை'. 'நெஞ்சைத் திறந்து ஆபரேஷன்' என்றால் பலர் இதய அறுவையை நினைத்துவிடுகிறார்கள். அந்தக் குழப்பமும் நீங்கும்.

இரண்டு மறுப்புகள் எழக்கூடும். எதிர்மறையால் ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கலாமா என்பது ஒன்று. வாடாமல்லியும் அழியா மையும் நம்மிடையே தடையின்றி வழங்குகின்றன. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் தமிழில் பெயராக்கத்துக்கு மிகவும் இசைவான வடிவம். 'விரிக்கா' என்று பிறவினையாக எழுதுவதே இலக்கணப்படி துல்லியம் என்பது மற்றொன்று. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வார்டில் செவிலியர் வாயில் எளிதாக வருவது 'விரியா'தான் என்பதால் அதையே பரிந்துரைக்கிறேன்.

இந்தத் தொகுப்புச் சொல்லுக்கு ஆய்வுகளும் துணை நிற்கின்றன. டென்மார்க்கில் 206 பேரைக் கொண்டு நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், எந்த முறையில் அறுவை நடந்தது என்பது நோயாளிக்கும் செவிலியருக்கும் தெரியாதிருக்க இரு குழுவினருக்கும் ஒரே மாதிரியான கட்டுகளைப் போட்டிருந்தார்கள். அப்படியிருந்தும் முதல் 24 மணி நேரத்தில் பொருட்படுத்தத்தக்க வலி, விலா விரியாதவர்களில் 38 விழுக்காட்டினருக்கும் விரித்தவர்களில் 63 விழுக்காட்டினருக்கும் இருந்தது. பிரித்தானியாவில் ஒன்பது மருத்துவமனைகளில் 503 பேரிடம் நடந்த வயலெட் ஆய்வு, ஐந்து வாரங்களுக்குப் பிறகு உடல் இயக்கத்திறன் விலா விரியாதவர்களுக்கே மேம்பட்டிருந்ததைக் காட்டியது. அவர்கள் மருத்துவமனையில் தங்கியதும் ஒரு நாள் குறைவு. நிணநீர்க் கணுக்களில் நோயைக் கண்டறிவதில் இரு முறைகளுக்கும் வேறுபாடு இல்லை என்பது எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுகிறது. வலி குறைந்ததற்காகப் புற்றுநோய் மருத்துவத்தில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு மாறாக, விலா விரியா முறைகளைத் தமக்குள் ஒப்பிட்டால் இடைவெளி சுருங்கிவிடுகிறது. ஷாங்காயில் 320 பேரிடம் ரோபோ முறையையும், மருத்துவர் தம் கையால் கருவிகளைப் பிடித்துச் செய்யும் முறையையும் ஒப்பிட்டபோது, ரோபோ முறையில் எடுத்த நிணநீர்க் கணுக்கள் சற்றுக் கூடுதல், செலவும் கூடுதல். அறுவையை ஒட்டிய நலனில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே இவை தனித்தனி இனங்கள் அல்ல, ஓரினத்தின் கிளைகள் என்றே பெயரிட வேண்டும்.

கிளைகளுக்கு என் பரிந்துரை: மருத்துவர் தம் கையால் நீண்ட கருவிகளைப் பிடித்துச் செய்வது 'கைக்கருவி முறை', ரோபோவைக் கொண்டு செய்வது 'எந்திரக்கை முறை'. 'தானியங்கி அறுவை' என்று சில நாளிதழ்கள் எழுதுவது முற்றிலும் தவறு. அந்த எந்திரம் தானாக எதையும் வெட்டுவதில்லை. மருத்துவர் அதே அரங்கில் இயக்கு மேசையின் முன் அமர்ந்து முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி விரல்களை அசைக்க, எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவிகள் மணிக்கட்டுப் போல வளைந்து உள்ளே அதே அசைவைச் செய்கின்றன. 'எந்திரக்கை' என்றால் கை எந்திரத்தினுடையது, அறிவு மருத்துவருடையது என்பது தானே விளங்கும்.

கீறல்களின் எண்ணிக்கையைச் சொல்ல 'வாயில்' என்ற சொல்லைக் கொள்ளலாம். உடலுக்கு ஒன்பது வாயில் என்று சொல்லிப் பழகிய மொழிக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஸ்பெயினின் லா கொருன்யா நகரில் 2010-இல் கொன்சாலஸ் ரிவாஸ் ஒரே கீறல்வழியாக மடலை எடுத்துத் தொடங்கிவைத்தது 'ஒருவாயில் முறை'. மற்றவை 'பலவாயில் முறை'.

அறுவையின் நடுவே நுரையீரல் தமனியில் குருதி கசிந்தாலோ, நிணநீர்க் கணுக்கள் குருதிக்குழாய்களோடு ஒட்டிக்கிடந்தாலோ, விலாவை விரிக்க நேரும். இதை 'தோல்வி' என்று குறிக்கும் எந்தச் சொல்லையும் படிவத்தில் இடக்கூடாது. 'விரிமுறைக்கு மாறுதல்' என்றால் போதும். நான் எழுதிப் பார்த்த ஒப்புதல் வாசகம் இது. சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள்:

"தங்கள் வலது நுரையீரலின் மேல்மடலை, விலா விரியா அறுவையாக, பலவாயில் எந்திரக்கை முறையில் எடுக்கத் திட்டமிட்டுள்ளோம். தங்கள் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால், அறுவையின்போதே விரிமுறைக்கு மாறுவோம்."