சுவீடனில பிஎச்டிக்கு ஏஜென்ட் தேவையா?

உவர்மலைப்பிள்ளை:
வணக்கம். பேராதனையில சிவில் முடிச்சிட்டு இப்ப திருகோணமலையில சைட் எஞ்சினியரா நிக்கிறன். சுவீடன் யூனிவர்சிட்டி ஒண்டில கொங்கிறீட் ஆய்வுக்கு பிஎச்டி மாணவர் தேவையெண்டு விளம்பரம் கண்டன். டவுனில ஒரு ஏஜென்ட், நாலு இலட்சம் தந்தா சீட் எடுத்துத் தாறாராம். அம்மா சங்கிலியை அடகு வைக்கிற யோசனையில இருக்கிறா. பீஸ் எவ்வளவு வரும்? பிஎஸ்சி மட்டும் காணுமோ?

லூலியோக்காரன்:
தங்கச்சி, சங்கிலியில கை வைக்க வேணாம். நான் உப்புவெளி, இங்க வட சுவீடனில லூலியோவில பிஎச்டி செய்யிறன் (டிசம்பரில மத்தியானம் ஒரு மணிக்கே பொழுது பட்டிடும், அதுக்கு மட்டும் மனசைத் தயார்படுத்துங்க).

பீஸ் ஒரு சதமும் இல்ல. 2011இல வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வந்தது பிஎஸ்சி, எம்எஸ்சிக்குத்தான். பிஎச்டி இங்க ஒரு உத்தியோகம்: மாதச் சம்பளம், லீவு, வரி எல்லாம் இருக்கு. படிப்பு நாலு வருசம். வகுப்பெடுக்கிற வேலை 20 வீதம் சேர்ந்தா அஞ்சாகும். முதல் நியமனம் ஒரு வருசத்துக்கு மேல தரமாட்டாங்க, சட்டம் அப்பிடி. பிறகு புதுப்பிப்பாங்க.

தகுதிதான் இடிக்கும். 240 கிரெடிட் (படிப்பின்ர அளவு, ஒரு வருச முழுநேரப் படிப்பு 60) வேணும், அதில 60 எம்எஸ்சி மட்டத்தில இருக்கோணும். பிஎஸ்சியை மட்டும் நம்பிப் போடாதீங்க.

ஏஜென்டுக்கு இதில வேலையே இல்ல. யூனிவர்சிட்டியிட வேலைவாய்ப்புப் பக்கத்தில நீங்களே போடுறதுதான். ஆளை எடுக்கப் பாக்கிறது விண்ணப்பத்தோட நீங்க எழுதிற கடிதத்தை. "சின்ன வயசிலிருந்தே ஆராய்ச்சியில ஆர்வம்" எண்டெல்லாம் எழுதினா அடுத்த ஆளுக்குப் போயிடுவாங்க. சுவீடனில பனிக்காலத்தில ரோட்டுக்கு உப்புப் போடுவாங்க, அந்த உப்பில இருக்கிற குளோரைட் பாலத்துக் கம்பியைத் தின்னும். எங்கட கடற்கரைக் கட்டடங்களில கவர் (கம்பியை மூடியிருக்கிற கொங்கிறீட் படை) வெடிச்சு, துருக்கம்பி வெளியால தெரியிறதும் அதே குளோரைட்டாலதான். சைட்டில எத்தனை மில்லிமீட்டர் கவர் விட்டீங்க, எது வெடிச்சது, என்ன கலவை எண்டு எழுதுங்க. அங்க இருக்கிற பேராசிரியருக்கு அது புது விசயம்.

கிண்ணியாவான்:
நல்ல விளக்கம் நானா. பெஞ்சாதியைக் கூட்டிப் போகலாமா?

லூலியோக்காரன்:
ஓம், அவவுக்கும் வதிவிட அனுமதி கேட்கலாம். ஆறு மாசத்துக்கு மேல கிடைச்சா வேலையும் செய்யலாம்.

உவர்மலைப்பிள்ளை:
நன்றி அண்ணா. அப்ப மொறட்டுவையில பகுதிநேர எம்எஸ்சிக்குப் போடவா?

லூலியோக்காரன்:
போடுங்க, ஆனா ஆய்வறிக்கை எழுதுற எம்எஸ்சியா பாத்துப் போடுங்க. அதுக்குள்ள கண்ட விளம்பரமெல்லாம் வாசிச்சுப் பழகுங்க. முடிவுத் திகதி சுவீடன் நேரம். நம்மட நேரம் கோடையில மூண்டரை, குளிரில நாலரை மணித்தியாலம் முன்னால. சம்பளம் போட்டில்லையெண்டா விளம்பரத்தின்ர அடியில தொழிற்சங்க ஆக்களின்ர தொடர்பு இருக்கும், அவங்களிட்டயே கேளுங்க. கூச்சப்பட ஒண்டுமில்ல.