கார்த்தி போன் எந்திரிக்கல

(குழு: ஆறுமுகம் வீடு)

[இரவு 7:52] செல்வி அத்தை: கார்த்தி, காதுகுத்துப் படமெல்லாம் இன்னிக்கு அனுப்புறேன்னியே. ஆல்பம் போடுறவர் ரெண்டு தடவை கேட்டுட்டார்

[7:58] செல்வி அத்தை: தனியா அனுப்பினதுக்கும் காலையில இருந்து ஒரு டிக்கோட நிக்குது

[8:03] லட்சுமி சித்தி: அத்தை நான் கார்த்தி, அம்மா போன்ல இருந்து. என் போன் ஆன் ஆகல. படம் பத்திரமா இருக்கு. பிரியா அக்கா இருக்கீங்களா?

[8:04] செல்வி அத்தை: ஆன் ஆகாத போன்ல படம் எப்படிடா பத்திரமா இருக்கும்

[8:05] மாரி சித்தப்பா: தண்ணியில போட்டியா? அரிசி மூட்டைக்குள்ள ஒரு ராத்திரி வை

[8:06] லட்சுமி சித்தி: தண்ணி இல்ல சித்தப்பா. ரெட்மின்னு எழுத்து வருது, ஒரு அதிர்வு, அணையுது, மறுபடி ரெட்மி. காலையில இருந்து இதேதான்

[8:06] லட்சுமி சித்தி: கர்னல் மாத்தினேன்

[8:09] தாத்தா: எந்த கர்னல்? மிலிட்டரி ஆளா?

[8:15] பிரியா: வந்துட்டேன். அந்த கர்னல் இல்ல தாத்தா, போனோட அடிமட்ட சாஃப்ட்வேர். கார்த்தி, என்ன மாடல், என்ன ரோம் (போன்ல ஓடுற மொத்த சிஸ்டம்), போட்ட கர்னல் எதுக்கானது? மூணையும் சொல்லு

[8:17] லட்சுமி சித்தி: நோட் 7 ப்ரோ. ரோம் கம்பெனியோட மியுஐ தான், ஆண்ட்ராய்டு 10. கர்னல் ஆண்ட்ராய்டு 13க்குன்னு போட்டிருந்துச்சு. ஸ்கிரீன் 60 ஹெர்ட்ஸ்ல இருந்து 66 ஆகும்னு சொன்னாங்க

[8:18] பிரியா: ஆறு ஹெர்ட்ஸுக்காடா இத்தனை கூத்து

[8:20] பிரியா: அது ஏஓஎஸ்பி ரோமுக்கான (கூகுளோட பொது ஆண்ட்ராய்டை வெச்சு செஞ்சது) கர்னல். மியுஐல எந்திரிக்காது. கர்னல் ஜிப் உள்ள போகும்போது மாடலோட உள்பேர் "வயலட்" தானான்னு மட்டும் பாத்திருக்கும், என்ன ரோம்னு கேட்டிருக்காது

[8:22] மாரி சித்தப்பா: இங்க பஜார்ல ஒரு கடையில போன் போட்டுக் கேட்டேன். போர்டு போச்சு, 4500 ஆகும்ங்கிறான்

[8:23] பிரியா: போன கண்ணால பாக்காமலேயா? எழுத்து வருதுன்னா போனை முதல்ல எழுப்புற பூட்லோடர் உசுரோட இருக்கு சித்தப்பா. ஒரு பைசா குடுக்காதீங்க

[8:24] பிரியா: கார்த்தி, எழுத்தோட நின்னுருதா, இல்ல மியுஐன்னு போட்டு புள்ளி ஓடுதா? சரியா பாத்துச் சொல்லு. எழுத்தோடயே சுத்துதுன்னா கர்னலே எந்திரிக்கல. புள்ளி வரைக்கும் போய்த் திரும்புதுன்னா கர்னல் எந்திரிச்சிருச்சு, மேல உள்ளதுதான் மல்லுக்கு நிக்குது. ரெண்டுக்கும் வைத்தியம் வேற

[8:26] லட்சுமி சித்தி: புள்ளி வரவே இல்ல

[8:27] செல்வி அத்தை: பிரியா, படம் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு

[8:29] பிரியா: இருக்கு அத்தை. சித்தப்பா லாரி மாதிரி நெனச்சுக்கோங்க. இவன் மாத்தினது டிரைவரைத்தான். சரக்கு பின்னாடி பூட்டுப் போட்டு அப்படியே கெடக்கு

[8:30] மாரி சித்தப்பா: அப்ப பழைய டிரைவரைக் கூப்பிட வேண்டியதுதானே

[8:30] பிரியா: அதேதான். டிடபிள்யூஆர்பி (போனைச் சரிபண்ற ரெக்கவரி மெனு) வருதா கார்த்தி? வால்யூம் மேல் பட்டன், பவர், ரெண்டையும் சேத்துப் பிடி

[8:33] லட்சுமி சித்தி: வந்துருச்சு! பேட்டர்ன் கேட்டுச்சு, போட்டேன், ஃபோல்டரெல்லாம் தெரியுது

[8:34] பிரியா: ரெக்கவரி தனிப் பார்ட்டிஷன் (மெமரில தனியா பிரிச்ச அறை), அதுக்குள்ள அதுக்குன்னு ஒரு கர்னல் உண்டு. அதான் பொழைச்ச. கர்னல் இருக்கிற பூட் பார்ட்டிஷனோட பழைய பேக்கப் இருக்கா?

[8:35] லட்சுமி சித்தி: எடுக்கணும்னு நெனச்சேன்

[8:35] பிரியா: பத்து செகண்ட் வேலைடா

[8:37] மாரி சித்தப்பா: என் பையன் சொல்றான், மொத்தமா ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிரும்னு

[8:37] பிரியா: யாரும் ஃபார்மட் பண்ணச் சொல்லாதீங்க!! உள்ள எல்லாம் குறியாக்கம் பண்ணிப் பூட்டியிருக்கு. ஃபார்மட் பண்ணா சாவியும் சேந்து அழிஞ்சிரும். அப்புறம் எந்தக் கடைக்காரனாலயும் ஒரு படம் எடுத்துத் தர முடியாது

[8:38] செல்வி அத்தை: மாரி நீ சும்மா இரு

[8:40] பிரியா: கார்த்தி, ஃபைல் மேனேஜர்ல சிஸ், எஃப்எஸ், பிஸ்டோர். அங்க கன்சோல்-ராமூப்ஸ்னு ஏதாவது கெடக்கா? சாகும்போது கர்னல் கடைசியா சொன்னது அதுல இருக்கும்

[8:42] லட்சுமி சித்தி: காலியா இருக்கு

[8:43] பிரியா: பவர் பட்டனை ரொம்ப நேரம் அழுத்தி அணைச்சிருப்ப. மெமரிக்கு கரண்ட் போனா அந்தக் குறிப்பும் போயிரும். சரி விடு. நீ வெச்சிருந்த அதே மியுஐ வெர்ஷன், அதே இந்தியா ரோம், ரெக்கவரி ஜிப்பா லேப்டாப்ல இறக்கு. பிரிச்சா மேலயே பூட்.ஐஎம்ஜி கெடக்கும். அதை மெமரி கார்டுல போட்டு டிடபிள்யூஆர்பில "இமேஜ்"னு தேர்வு பண்ணி, பூட் பார்ட்டிஷனைக் காட்டு

[8:45] லட்சுமி சித்தி: ஃப்ரெண்டு மி ஃப்ளாஷ்ங்கிற கம்பெனி டூல் வெச்சு மொத்தமா அடிச்சிரலாம்ங்கிறான்

[8:46] பிரியா: வேண்டவே வேண்டாம். அதுல கீழ "கிளீன் ஆல் அண்ட் லாக்" தானாவே தேர்வாகி இருக்கும். கவனிக்காம அமுக்கினா படமும் போகும், பூட்லோடரும் பூட்டிக்கும்

[8:50] லட்சுமி சித்தி: இது லட்சுமி. மத்தியானத்துல இருந்து சாப்பிடல இவன். ரெண்டு ஜிபி இறங்குறதுக்குள்ள தோசை சாப்பிடச் சொல்லு பிரியா, நீ சொன்னாத்தான் கேப்பான்

[8:51] பிரியா: சாப்பிடுடா

[9:48] லட்சுமி சித்தி: அக்கா, பூட் மாத்திட்டேன். இப்ப ரெட்மி எழுத்து வருது, அப்புறம் ஒரே கருப்பு. அணையவும் இல்ல

[9:49] செல்வி அத்தை: போச்சா

[9:50] பிரியா: இல்ல அத்தை, முன்னேற்றம்தான். திரும்பத் திரும்பச் சுத்துறது நின்னுருச்சு. கார்த்தி, அந்த கர்னல் ஜிப்பைத் திறந்து உள்ள என்னென்ன இருக்குன்னு பாரு

[9:53] லட்சுமி சித்தி: ஏதோ ஸ்கிரிப்ட், இமேஜ்.ஜிஇஸட்-டிடிபி, டூல்ஸ் ஃபோல்டர், டிடிபிஓ.ஐஎம்ஜி

[9:54] பிரியா: மாட்டுச்சு. கடைசியா சொன்ன பார்

[9:57] பிரியா: இந்த போன்ல என்னென்ன உறுப்பு இருக்கு, ஸ்கிரீன் எது, எத்தனை ஹெர்ட்ஸ்ல ஓட்டணும்னு கர்னலுக்குச் சொல்ற மேப் அது. உன் 66 ஹெர்ட்ஸ் வித்தை அதுக்குள்ளதான் இருக்கு. அதுக்குத் தனிப் பார்ட்டிஷன், பூட்டை மாத்தினா மாறாது. பழைய டிரைவரை உக்கார வெச்சுட்டு கையில புது ஊர் மேப்பைக் குடுத்திருக்க

[9:58] மாரி சித்தப்பா: ராத்திரி லோடுல எனக்கே நடந்திருக்கு

[10:00] பிரியா: ரோம் ஜிப்புக்குள்ள ஃபர்ம்வேர்-அப்டேட் ஃபோல்டர்ல கம்பெனி டிடிபிஓ இருக்கும். வால்யூம் கீழ் பட்டன், பவர். ஃபாஸ்ட்பூட் (லேப்டாப்ல இருந்து போனுக்குள்ள எழுதுற மோடு) வரும். லேப்டாப்ல மாட்டி இந்தக் கட்டளை (குழுவுல தமிழ்லதான் எழுதணும்ங்கிற தாத்தா சட்டப்படி தமிழ்ல எழுதுறேன், நீ இங்கிலீஷ்ல அடி): ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷ் டிடிபிஓ டிடிபிஓ.ஐஎம்ஜி

[10:06] லட்சுமி சித்தி: ஒரு முயல் ஆண்ட்ராய்டு பொம்மையை ரிப்பேர் பண்ற படம் வருது

[10:07] தாத்தா: முயலுக்காவது வேலை தெரிஞ்சிருக்கு

[10:11] லட்சுமி சித்தி: அக்கா, கட்டளை அடிச்ச உடனே முயல் மறைஞ்சு கருப்பாயிருச்சு. மேல பொடி எழுத்துல ஏதாவது பட்டனை அமுக்கினா அணையும்னு இருக்கு

[10:12] பிரியா: போன் கெட்டுப்போகல. லேப்டாப்ல நீல நிற யுஎஸ்பி ஓட்டையிலதானே மாட்டின? அது 3.0, ஃபாஸ்ட்பூட்டுக்குச் சில லேப்டாப்ல ஒத்து வராது. கருப்பு ஓட்டையில மாட்டு

[10:13] லட்சுமி சித்தி: ரெண்டும் நீலம்தான்

[10:14] பிரியா: பழைய யுஎஸ்பி ஹப் எதாவது? 2.0வா இருக்கணும்

[10:15] தாத்தா: நான் பென்டிரைவ் நாலும் மாட்டுற வெள்ளைப் பெட்டி அலமாரியில இருக்கு. எடுத்துக்க

[10:24] லட்சுமி சித்தி: ஓகேன்னு வந்துருச்சு. ரீபூட் குடுக்கிறேன்

[10:26] லட்சுமி சித்தி: புள்ளி ஓடுது

[10:28] லட்சுமி சித்தி: லாக் ஸ்கிரீன்!!!! அத்தை உங்க 11 மிஸ்டு கால் தெரியுது

[10:28] செல்வி அத்தை: குலசாமி காப்பாத்துச்சு

[10:29] மாரி சித்தப்பா: குலசாமி பெங்களூர்ல இருக்கு போல

[10:30] பிரியா: வைஃபை பிடிக்குதா, கால்ல குரல் போகுதா, கேமரா திறக்குதா, மூணும் பாரு. கர்னல் சரியா ஒட்டலன்னா முதல்ல படுக்குறது அதுங்கதான்

[10:33] லட்சுமி சித்தி: எல்லாம் ஓகே. ரூட் (போன் மேல முழு அதிகாரம்) குடுக்கிற மேஜிஸ்க் மட்டும் போயிருச்சு. ரூட் இல்ல

[10:34] பிரியா: அது பழைய பூட்டுக்குள்ள ஒட்டியிருந்தது, பூட்டோட போயிருச்சு. அது இல்லாமலும் போன் பேசும். முதல்ல அந்தப் படத்தையெல்லாம் லேப்டாப்ல காப்பி பண்ணு, மத்ததெல்லாம் அப்புறம்

[10:41] லட்சுமி சித்தி: லேப்டாப்ல இடம் பத்தலன்னு வருது. ரோம் ஜிப்பும் பிரிச்ச ஃபோல்டரும்தான் அடைச்சுக்கிட்டு இருக்கு. அழிச்சிரவா?

[10:41] பிரியா: ஃபோல்டரை அழி. அந்த ஜிப் மேல மட்டும் கை வெச்சுராதடா