முரண்நகை: நாடக முரணையும் சூழல் முரணையும் எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி:
வணக்கம். இலக்கியத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். முரண்நகையில், அதாவது சொல்வதற்கும் உண்மைக்கும், அல்லது எதிர்பார்ப்பதற்கும் நடப்பதற்கும் உள்ள முரணில், சொல் முரண், சூழல் முரண், நாடக முரண் என்று மூன்று வகை உண்டு என்பது தெரியும். ஆனால் ஒரு காட்சியைக் கொடுத்து எந்த வகை என்று கேட்டால் தடுமாறுகிறேன். கடைசி இரண்டும் ஒன்றுபோலவே படுகின்றன. குடை எடுக்காத நாளில் மழை கொட்டினால் அது சூழல் முரணா?

பதில் 1:
யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்று பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். சிலம்பை விற்க வந்த கோவலன் அதை ஒரு பொற்கொல்லனிடம் காட்டுகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவனே அந்தப் பொற்கொல்லன்தான். திருட்டு வெளிப்படும் முன் இந்தப் புதியவன்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று அவன் மனத்துக்குள் எண்ணுவதை இளங்கோவடிகள் நமக்குக் காட்டிவிடுகிறார். கோவலனோ அவனை நம்பி, அவன் சொன்ன இடத்தில் காத்திருக்கிறான். நமக்குப் பதறுகிறது, அவனுக்கு ஒன்றும் தெரியாது. இதுதான் நாடக முரண்.

அப்புறம் வழக்குரை காதைக்கு வாருங்கள். கள்வனைத் தண்டித்ததாக நம்பிய பாண்டியன், உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் 'யானோ அரசன் யானே கள்வன்' என்கிறான். நீதி என்று செய்தது அநீதியாகவே முடிந்தது. இது சூழல் முரண். உண்மை நமக்கு முன்பே தெரியும் என்பதால் நாடக முரணும் அங்கே கூடவே ஓடுகிறது. ஒரே காட்சியில் இரண்டையும் கண்டால் இரண்டையும் எழுதுங்கள், தவறில்லை.

குடை மறந்த நாளில் மழை வெறும் துரதிர்ஷ்டம். தாமதமாகக் கூடாது என்று குறுக்கு வழியில் போனவர், அந்தக் குறுக்கு வழியாலேயே தாமதமானால் அது சூழல் முரண்.

பதில் 2:
சொல் முரணுக்குப் புறநானூறு 95 பாருங்கள். அதியமானின் தூதாக வந்த ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். உன் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மனையில் இருக்கின்றன; அதியமானுடையவை பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. கேட்கப் புகழ்ச்சி, உள்ளே குத்து: நீ போரே கண்டதில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஒன்று மட்டும் இடிக்கிறது. மனத்தில் ஒன்றை வைத்து வேறொன்றைச் சொல்வதுதானே பொய்யும்?

பதில் 2:
பொய் சொல்பவர் நாம் நம்ப வேண்டும் என்று நினைப்பார். சொல் முரணில் பேசுபவர் நாம் அப்படியே நம்பிவிடக் கூடாது என்று நினைப்பார்; அதற்குக் குரலிலோ சூழலிலோ ஒரு தடயம் விட்டுவைப்பார். எழுத்தில் குரல் இல்லை. அதனால்தான் குறுஞ்செய்தியில் 'ரொம்ப நல்ல வேலை செய்தாய்' என்றால் பாராட்டா, குத்தலா என்று திணறுகிறோம்.

கேட்டவர்:
அப்படியானால் 'தேவர் அனையர் கயவர்' என்ற குறளும் சொல் முரண்தானே?

பதில் 1:
ஆமாம். தடயம் குறளின் மீதிப் பகுதியில் இருக்கிறது: 'அவருந்தாம் மேவன செய்தொழுக லான்'. மனம்போன போக்கில் நடப்பதில்தான் அந்த ஒற்றுமை. புகழ் அங்கேயே கவிழ்ந்துவிடுகிறது. விடையில் அந்தப் பகுதியையும் சேர்த்தே எழுதுங்கள்.