‘எக்ஸிகியூட்டபிள் மாடல்’: இயங்குமாதிரியா, இயக்குமாதிரியா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழும அன்பர்களுக்கு வணக்கம். மென்பொருள் பொறியியல் பாடநூலொன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் ஓர் அத்தியாயம் முழுவதும் ‘எக்ஸிகியூட்டபிள் மாடல்’ பற்றியது. சிக்கலான அமைப்பொன்றுக்கு நிரல் எழுதத் தொடங்கும் முன்பே, அதன் நடத்தையை நிலைவரைபடமாகவோ (நிலைகளையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் அம்புகளையும் காட்டும் படம்) பெட்ரி வலையாகவோ (நிகழ்வுகள் எப்படித் தொடர்கின்றன என்பதைக் காட்டும் வலைப்படம்) வரைந்து, அந்த வரைபடத்தையே கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பதை நூலாசிரியர் இப்பெயரால் குறிக்கிறார். கைப்படியில் இப்போதைக்கு ‘இயங்கு மாதிரி’ என்று இட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மெய்ப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குள் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

அம்மா, ‘இயங்கு மாதிரி’ வினைத்தொகையாதலின் இடைவெளியின்றிச் சேர்த்தே எழுத வேண்டும். ‘காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை’ என்பது நன்னூல். இயங்கிய, இயங்குகின்ற, இயங்கும் என்னும் மூன்றும் அதனுள் அடங்கிவிடுவதால், ‘இயங்கக்கூடிய’ என்று வாலை நீட்டவும் தேவையில்லை. என் தடை பின்பகுதி பற்றியது. ‘மாதிரி’ வடசொல்லின் திரிபு என்பர். படிதல், படி, படியெடுத்தல் என்று ஒரு குடும்பமே நம்மிடம் இருக்கும்போது ‘படிமம்’ என்பதை ஏன் ஒதுக்க வேண்டும்? ‘இயங்குபடிமம்’ என்று ஆளுங்கள். வினைத்தொகையில் வல்லொற்று மிகாது. ‘இயங்குப்படிமம்’ என்று அச்சுக்கோப்பவர் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரிவுரையாளர் எழுதியது:

ஐயா, மாதிரிக்கு ஒரு நீதி, படிமத்துக்கு ஒரு நீதியா? சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி படிமத்தைப் ‘பிரதிமா’வின் வழிவந்ததாகவே காட்டுகிறது.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

பேரகராதி காட்டும் வழியெல்லாம் வேதவாக்கு அன்று. படிந்தது படி, படியின் தன்மை படிமை, அதன் வழியே படிமம். தொல்காப்பியப் பாயிரத்திலேயே ‘பல்புகழ் நிறுத்த படிமையோனே’ என்று பனம்பாரனார் பாடியிருக்கிறார். ஒன்றைப் போல மற்றொன்று அமைதல் என்னும் கருத்து அங்கேயே கருக்கொண்டிருக்கிறது என்பது என் துணிபு.

விரிவுரையாளர் எழுதியது:

அங்கே படிமை என்பதற்குத் தவக்கோலத்தோடு சார்த்தியே உரைகாரர்கள் பொருள் சொல்கின்றனர். தொல்காப்பியரின் தவத்தையும் மென்பொருளின் நிலைவரைபடத்தையும் ஒரே முடிச்சில் கட்டுவதற்கு இந்த வாரம் நேரம் போதாது. மேலும், ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று வழிவிட்டவரும் அவரே. மாதிரி என்றால் மாணவருக்கு விளங்கும். எனக்கு அது போதும்.

மென்பொருள் பொறியாளர் எழுதியது:

வேர் எதுவாயினும் ஆகுக, ‘இயங்குபடிமம்’ வேண்டாம். நினைவகத்தில் ஏற்றி ஓட்டுவதற்கு ஆயத்தமான இருமக் கோப்பை எங்கள் துறையில் ‘எக்ஸிகியூட்டபிள் இமேஜ்’ என்கிறோம். இமேஜுக்குப் படிமம் என்பது கணித்தமிழில் பழகிய சொல்லாதலால், அந்தப் பெயர் அதற்கே போய்ச் சேரும்.

எனக்குப் பெரிய தடை ‘இயங்கு’ என்பதில்தான் இருக்கிறது. அது தன்வினை. மாதிரியோ தானாக இயங்குவதில்லை. ஒரு கருவி, ஒரு விதித்தொகுதியின்படி அதை இயக்குகிறது. ஒரு மின்தூக்கியின் நிலைவரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பணியில்’ என்னும் வெளிநிலைக்குள் ‘கதவு மூடுகிறது’ என்னும் உள்நிலை இருக்கிறது. எச்சரிக்கை மணி அடித்தால் உள்நிலையிலிருந்து ‘கதவு திறக்கிறது’ என்பதற்கு ஓர் அம்பு. அதே மணிக்கு வெளிநிலையிலிருந்து ‘நின்றது’ என்பதற்கு மற்றோர் அம்பு. கதவு பாதி மூடியிருக்கையில் மணி அடித்தால் எந்த அம்பின் வழியே போவது? 1987இல் கணினி அறிவியலர் டேவிட் ஹாரெல் நிலைவரைபடங்களை விளக்கி வெளியிட்ட கட்டுரையோடு தொடர்புடைய, அவற்றை ஓடவிட்டுப் பார்க்கும் ஸ்டேட்மேட் கருவியில் வெளிநிலையின் அம்புக்கே முன்னுரிமை. மின்தூக்கி பாதிக் கதவோடு நின்றுவிடும். மென்பொருளை வரைபடங்களால் விவரிக்கும் பொதுத்தர மொழியான யூஎம்எல்லின் விதிப்படி உள்நிலைக்கு முன்னுரிமை, கதவு திறக்கும். படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. அதைச் சுவரில் ஒட்டிவைத்துக் கலந்துபேசி ஒப்புதல் தந்த எவரும் இப்படியொரு கேள்வி இருப்பதையே கவனித்திருக்க மாட்டார்கள்; ஓடவிட்ட அன்றுதான் அது முகங்காட்டும். ஆகவே படம் மட்டும் இருந்தால் போதாது, அதை இயக்குவதற்கான விதியும் உடன் வேண்டும். யூஎம்எல்லின் ஒரு பகுதிக்கு மட்டும் இயக்கப் பொருளை, அதாவது ஓடவிடும்போது படம் என்ன செய்யும் என்பதை, துல்லியமாக வரையறுத்து, அம்மொழியின் தரத்தை வெளியிடும் ஆப்ஜெக்ட் மேனேஜ்மெண்ட் குரூப் 2011இல் தனித் தரமாகவே வெளியிட்டதும் இந்தத் தேவையால்தான்.

தவிரவும், ‘இயங்கும் மாதிரி’ என்றால் கண்காட்சியில் சக்கரம் சுழலும் பொம்மையைத்தான் பலரும் நினைப்பார்கள், முன்மாதிரியோடும் குழப்பிக்கொள்வார்கள். பிறவினையாக ‘இயக்கத்தகு மாதிரி’ என்று சொன்னால் பொருள் சரியாக உட்காரும்.

விரிவுரையாளர் எழுதியது:

பொறியாளர் சொல்லும் காரணம் சரி, அவர் தரும் சொல் சரியில்லை. ‘தகு’ என்பதில் இயலும் என்ற பொருளோடு, அதுவே தக்கது என்னும் மதிப்பீடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இத்துறையில் அந்த மதிப்பீடே ஒரு பழைய வழக்கு. 1989இல் கணினி அறிவியலர்கள் இயன் ஹேய்ஸும் கிளிஃப் ஜோன்ஸும், ஒரு விவரக்குறிப்பு (மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்னும் வரையறை) இயக்கப்படக்கூடியதாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை என்று வாதிட்டனர். வரிசையாக்கத்தை நினைத்துப் பாருங்கள். ‘விடை ஏறுவரிசையில் இருக்க வேண்டும், உள்ளிட்ட உறுப்புகளே கூடாமல் குறையாமல் அதில் இருக்க வேண்டும்’ என்று சொல்லிவிட்டால் வரையறை முடிந்தது, எப்படி அடுக்குவது என்பதை அது சொல்லவில்லை. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினால், எழுதுபவர் ஏதோ ஒரு வழிமுறையை உள்ளே நுழைத்தே ஆகவேண்டும். 1992இல் நார்பர்ட் ஃபுக்ஸ் இதற்கு மறுப்பெழுதி, இயக்கப்படக்கூடியதாக இருப்பதே விரும்பத்தக்கது என்றார். நம் கலைச்சொல் இந்த வழக்கில் ஒரு கட்சி சாரக் கூடாது.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

‘தகு’ போகட்டும், ‘உறு’ சேர்த்து ‘இயக்குறுமாதிரி’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன், நாவில் இடறுகிறது. வெறும் ‘இயக்குமாதிரி’ போதும். எதையோ இயக்குகிற மாதிரி என்று பொருள்பட்டுவிடாதா என்று பொறியாளர் கேட்கக்கூடும். குடிநீர் எதையும் குடிப்பதில்லை, குடிக்கப்படுகிறது. கொல்யானையில் யானை கொல்கிறது. வினைத்தொகையில் பெயர் வினைமுதலாகவும் வரும், செயப்படுபொருளாகவும் வரும். எது என்பதை வழக்கு முடிவு செய்யும். ஆயினும் ‘இயக்குபடிமம்’ என்பதே என் தேர்வு. அதை நான் கைவிடவில்லை.

மென்பொருள் பொறியாளர் எழுதியது:

குடிநீர் பழகிய சொல். இயக்குமாதிரி இன்று பிறந்தது. வழக்கு முடிவு செய்யும்வரை மாணவர் தவறாகவே படிப்பார். இருப்பினும் ‘இயங்கு’வை விட இது மேல். ‘மாதிரியை இயக்குதல்’, ‘மாதிரியின் இயக்கப் பொருள்’ என்று வினையும் பெயரும் ஒரே அடியிலிருந்து கிளைப்பது வசதியாகவும் இருக்கிறது. சரி என்கிறேன், அரைமனதோடு. ‘பாவனையாக்கம்’ (சிமுலேஷன்) என்று யாரோ தனிமடலில் கேட்டிருந்தார்கள். இயக்குமாதிரியைக் கொண்டு பாவனையாக்கமும் செய்யலாம், மெய்யான நிரலையும் ஆக்கலாம் என்பதால் இரண்டும் ஒன்றல்ல.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எழுதியவர்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டதால், அல்லது மறுத்துச் சலித்ததால், ‘இயக்குமாதிரி’ என்றே மாற்றுகிறேன். முதலில் வரும் இடத்தில் ‘ஒரு கருவியால் இயக்கிப் பார்க்கப்படும் மாதிரி’ என்று விரித்தெழுதி, ‘எக்ஸிகியூட்டபிள் மாடல்’ என்பதையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஐயாவின் ‘இயக்குபடிமம்’ பின்னிணைப்புச் சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாக இடம்பெறும்.

அடுத்த பக்கத்திலேயே மாதிரியை இயக்குகிற அந்தக் கருவிக்குப் பெயர் வேண்டியிருக்கிறது. ‘இயக்கி’ என்று எழுதப் போய்க் கையை நிறுத்திக்கொண்டேன். அச்சுப்பொறியையும் விசைப்பலகையையும் இயங்குதளத்தோடு இணைக்கும் டிரைவருக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

மாற்றுச்சொல்லாக அன்று, முதற்சொல்லாக. கருவியின் பெயர் குறித்து நாளை விரிவாக எழுதுகிறேன்.