பிகே வைரஸ் 1,800 → 4,200: இது ஏற்றமா?

தண்டையார்பேட்டை கோஆர்டினேட்டர்:
சிறுநீரக மாற்று முடிந்து 5ஆம் மாதம். மாற்றிய சிறுநீரகத்தைத் தாக்கும் பிகே வைரஸை அளக்கும் மாதாந்திர பிசிஆர் டெஸ்டில், பிளாஸ்மாவில் (செல்களை நீக்கிய ரத்தத் திரவம்) 1,800 காப்பி/மிலி. மூன்று வாரம் கழித்து வேறு லேபில் 4,200. அந்த ரிப்போர்ட்டில் 'முழு ரத்தம்' என்று இருக்கிறது. கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 1.2லேயே நிற்கிறது. சாம்பிளை திருவொற்றியூர் சென்டரில் காலையில் எடுத்து, மாலை வண்டியில்தான் மெயின் லேபுக்கு அனுப்பினார்கள். ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வியாசர்பாடி லேப்:
இந்த இரண்டையும் ஒப்பிடவே கூடாது மேடம். முழு ரத்தத்தில் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவும் சேர்ந்து வரும். லேபுக்கு லேப் கிட்டும் வேறு. ஒரே லேப், ஒரே சாம்பிள் வகை என்றாலும் மூன்று மடங்குக்குள் வரும் மாற்றத்தை வைத்து ஏற்றம் என்று சொல்ல முடியாது.

சாம்பிளுக்கு ஊதா மூடி ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) டியூப்தான். பச்சை மூடியில் எடுத்தால் அதிலுள்ள ஹெப்பாரின் பிசிஆரையே தடுக்கும், இருக்கிற வைரஸ் குறைவாகத் தெரியும். எடுத்ததும் 8 முறையாவது மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் செல் உடையும். 24 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். வெயிலுக்குப் பயந்து ஐஸ் பேக்கோடு டியூப்பை ஒட்டி வைக்கிறார்கள், ரத்தம் பனிக்கட்டிபோல் உறைந்து வீணாகிறது. நடுவில் பஞ்சோ துணியோ வையுங்கள்.

ராயபுரம் நெப்ரோ (சிறுநீரக மருத்துவர்):
சாம்பிள் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கிரியாட்டினின் 1.2 என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது ஏறும்போது சிறுநீரகக் குழாய்ச் செல்கள் ஏற்கெனவே அடிபட்டிருக்கும்.

இந்த வாரமே முதல் லேபில் பிளாஸ்மா திரும்ப அனுப்புங்கள். மறுபடி 1,000க்கு மேல் என்றால் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டும். 10,000 தாண்டினால் அடுத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். பிகேவைக் கொல்வதாக நிரூபணமான மருந்து இல்லை, அதனால்தான் இந்த வழி. அந்த மருந்துகளில் மைக்கோபினோலேட்டைப் பாதியாக்குவதா, டாக்ரோவை (டாக்ரோலிமஸ்) குறைப்பதா என்பதை சிறுநீரக மாற்றுக் குழு முடிவு செய்யும். நோயாளி தானாக ஒரு மாத்திரைகூட விடக்கூடாது, உடல் புதுச் சிறுநீரகத்தை எதிர்க்கும் நிராகரிப்பு வந்துவிடும். குறைத்த பிறகு பிகே 2–4 வாரத்துக்கு ஒருமுறை, கிரியாட்டினின் 1–2 வாரத்துக்கு ஒருமுறை. கிரியாட்டினின் ஏறினால் பயாப்ஸி.

ரத்தத்தில் டாக்ரோ லெவலும் சேர்த்து எடுங்கள். வயிற்றுப்போக்கு இருந்ததா, ஃப்ளுகோனசோல் (பூஞ்சைக்கான மருந்து) கொடுத்தார்களா என்று கேளுங்கள். இரண்டிலும் லெவல் ஏறும்.

தண்டையார்பேட்டை கோஆர்டினேட்டர்:
காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வந்துவிட்டால் சார்?

ராயபுரம் நெப்ரோ:
அன்றைக்கு டாக்ரோ எடுக்காதீர்கள். இரவு டோஸிலிருந்து 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் கணக்கு. மறுநாள் மாத்திரையைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். ரத்தம் எடுத்ததும் அங்கேயே விழுங்கட்டும். பிகேவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, இன்றே எடுத்துவிடலாம்.