சிபிஆர் பயிற்சிக்குப் பொம்மை இரவலாகக் கிடைக்குமா?

குழுவில் உள்ள செவிலிய ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் வணக்கம். செங்கோட்டைக்கு அருகே, கேரள எல்லையான புளியரைப் பக்கம், நர்சிங் மாணவியருக்குச் செய்முறைப் பயிற்சி அளித்து வருகிறேன்.

எங்களிடம் உள்ள ஒரே சிபிஆர் (இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு முதலுதவி) பொம்மையின் நெஞ்சுச் சுருள்வில் தளர்ந்துவிட்டதால், மாணவியர் அழுத்தும் ஆழம் சரிதானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெரியவர்களுக்கு நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.யைத் தாண்டாமலும் அழுத்த வேண்டும் என்பதையும், ஒவ்வொரு அழுத்தத்திற்குப் பிறகும் நெஞ்சு முழுமையாக மேலெழ விட வேண்டும் என்பதையும் தேர்வில் பிழையின்றி எழுதுகிறார்கள். ஆனால் இது கைக்குப் பழக வேண்டிய வேலை. இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஏன் ஆள் மாற வேண்டும் என்பது, தன் கை சோர்ந்து ஆழம் குறைவதை உணர்ந்தவருக்கே விளங்கும்.

ஆழத்தையும் வேகத்தையும் காட்டும் பொம்மையை, தென்காசி, திருநெல்வேலி, புனலூர், கொல்லம் பகுதிக் கல்லூரிகளில் எவையேனும் சில நாள்களுக்கு இரவலாகத் தர இயலுமா? கைக்குழந்தைப் பொம்மையும் கிடைத்தால் பேருதவி. பிஞ்சு நெஞ்சை இரு கட்டைவிரல்களால் 4 செ.மீ. அழுத்துவதைப் படம் காட்டி மட்டும் கற்பிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மலையாளம் பேசும் மாணவியரும் இருப்பதால், இரு மொழிகளிலும் செய்முறை மதிப்பீட்டுப் படிவம் வைத்திருப்போர் பகிர வேண்டுகிறேன். வண்டி வாடகையை நாங்களே ஏற்போம்.