பின்வேர் முடிச்சை நேரில் சந்தித்தவர்கள்: உங்கள் அனுபவம்?

உடற்கூறியல் வகுப்பில் எங்கள் குழுவுக்கு முதுகுப் பகுதி வந்தது. முள்ளெலும்புகளின் பின்வளைவை வெட்டி எடுத்து உறையைக் கத்தரித்ததும், தண்டுவடத்தின் இரு பக்கமும் நூல் நூலாக நரம்பு வேர்கள் தெரிந்தன: முன்பக்கம் முன்வேர், பின்பக்கம் பின்வேர். பின்வேரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனால், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள துளையருகே விரலில் ஒரு சின்னப் புடைப்பு தட்டுப்படும்; அதுதான் பின்வேர் முடிச்சு. முன்வேரில் அது கிடையாது. தொடுதல், வலி, சூடு, குளிர் என்று கொண்டுவரும் நரம்பு செல்களின் உடல்கள் குடியிருப்பது அந்தப் புடைப்புக்குள்தான். தசையை இயக்கும் செல்களின் உடல்களோ தண்டுவடத்துக்கு உள்ளேயே, முன்கொம்பு எனப்படும் முன்பக்கச் சாம்பல் பகுதியில். கால் கட்டைவிரலில் தொடங்கும் ஒரே செல்லின் இழை, கீழ்முதுகிலுள்ள முடிச்சு வழியாக, மூளையின் அடிப்பகுதியான முகுளம் வரை ஏறுகிறது. அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்த அன்று எனக்கு மெய்சிலிர்த்தது.

* * *

நான் மாணவர் இல்லை, அக்கி வந்தவள். முதலில் வலப்பக்க விலாவில் எரிச்சல் மட்டும். சட்டை உரசினாலே உயிர் போகும். அப்புறம்தான் கொப்புளங்கள்: முதுகிலிருந்து மார்பு வரை ஒரு பட்டை, நடுக்கோட்டோடு சரியாக நின்றுவிட்டது. சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் இத்தனை காலமும் நீங்கள் சொல்லும் முடிச்சில்தான் பதுங்கியிருந்ததாம். ஒரு முடிச்சுக்குத் தோலில் ஒரு பட்டை என்று மருத்துவர் விரலால் வரைந்து காட்டினார். கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குவது நல்லது. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

* * *

ஸ்லைடு தயாரிப்பது என் வேலை. பின்வேர் முடிச்சை நுண்ணோக்கியில் பார்ப்பதென்றால் எனக்குக் கொள்ளை ஆசை. பெரிய உருண்டை செல்கள், நடுவில் வெளிறிய உட்கரு, ஒவ்வொன்றையும் சுற்றிச் சின்னஞ்சிறு துணைச்செல்கள் மணிமாலை போல. செல்லிலிருந்து ஒரே ஒரு காம்பு கிளம்பி இரண்டாகப் பிரியும். ஒன்று தோல் பக்கம், மற்றது தண்டுவடத்துக்குள்.

முகத்துக்கு இதே ஏற்பாடு மண்டையோட்டுக்குள், முப்பிரிவு நரம்பின் முடிச்சில் இருக்கிறது. ஆனால் ஒரு விலக்கு உண்டு, மாணவர்கள் கவனிக்க வேண்டியது: மெல்லும் தசைகளின் நீட்சியை உணரும் செல்களின் உடல்கள் எந்த முடிச்சிலும் இல்லை, நடுமூளையிலேயே இருக்கின்றன.